ரப்பர் டக்கி ஏன் பெருகவில்லை? அரிய ஐசோபாட் வளர்ப்பு பற்றி ஒரு விரிவான பதில்

கேள்வி இதுதான். பவுடர் ஆரஞ்சு ஐசோபாட்களை (ஐசோபாட் என்பது சருகுக்கு அடியில் வாழும், பல கால்கள் கொண்ட சிறு உயிர்) ஒரு வருடம் வளர்த்து டப்பா நிறையப் பெருக்கிய ஒருவர், அந்தத் தைரியத்தில் ரப்பர் டக்கி என்ற அரிய வகையில் பத்து வாங்கியிருக்கிறார். அதே மாதிரி டப்பா, அதே மண், இறுக்கமான மூடி, தினமும் எங்கும் தண்ணீர் தெளிப்பு. வாரம் ஒருமுறை மண்ணைக் கிளறி எண்ணிப் பார்க்கிறார். நான்கு மாதத்தில் நான்கு செத்துவிட்டன. ஒரு குஞ்சுகூடக் கண்ணில் படவில்லை. எங்கே தப்பு, மீதி ஆறை வைத்துக் கூட்டத்தை மீட்க முடியுமா?

முடியும். உள்ளே இருக்கும் பெண்களில் ஒன்று இணைசேர்ந்திருந்தாலே வழி பிறக்கும். இன்றைக்கு இரண்டு காரியம் மட்டும் செய்யுங்கள். கிளறி எண்ணுவதை நிறுத்துங்கள். காற்றுத் துளைகள் உள்ள வேறு மூடி ஒன்றைத் தயார் செய்து மாட்டுங்கள். மற்றவற்றை அடுத்த சில வாரங்களில் ஒவ்வொன்றாக மாற்றலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் புரட்டிப்போட்டால் மீதியும் தாங்காது.

குஞ்சு வரவில்லை என்பதை விட்டுவிடுங்கள், அது கவலைப்பட வேண்டிய விஷயமே இல்லை. பவுடர் ஆரஞ்சு, அதாவது போர்செல்லியோனைடிஸ் புருயினோசஸ், மனிதர்களோடு சேர்ந்து உலகம் முழுக்கப் பரவிய இனம். எருக்குவியல், மக்கு உரக்குழி என எங்கே போட்டாலும் பிழைக்கும். சில மாதத்திலேயே பருவத்துக்கு வந்து, கொத்துக் கொத்தாய்ப் போடும். நான்கு செத்தாலும் நாற்பது பிறப்பதால் வளர்ப்பில் உள்ள குறை வெளியே தெரியாது. ரப்பர் டக்கி தாய்லாந்தின் சுண்ணாம்புக்கல் பகுதிகளிலிருந்து 2010-களின் பிற்பகுதியில் வளர்ப்பாளர்கள் கைக்கு வந்தது. வளர்வதற்கே பல மாதம் எடுத்துக்கொள்ளும். ஒரு ஈற்றில் பிறக்கும் குஞ்சுகளைக் கைவிரலில் எண்ணிவிடலாம். புது இடத்துக்கு வந்த கூட்டம் பல மாதம் எதுவும் செய்யாமல் மண்ணுக்குள்ளேயே கிடப்பது சாதாரணம். ஆனால் வளர்ந்தவை நான்கு செத்தது சாதாரணம் அல்ல. அதற்குக் காரணம் நீங்கள் எழுதியதிலேயே இருக்கிறது: எங்கும் ஈரம், எங்கேயும் காற்று இல்லை.

ஐசோபாட் பூச்சி இல்லை. நண்டு, இறால் வகையைச் சேர்ந்த ஓட்டுடலி. கடலைவிட்டுக் கரையேறிய பிறகும் அதன் மூச்சு முழுக்கக் கரைக்கு வந்துவிடவில்லை. வயிற்றுப் பக்கம், வால் பகுதிக்கு அடியில் தகடு தகடாக அடுக்கிய உறுப்புகள் இருக்கும். அவற்றின் வழியாகத்தான் மூச்சு. அவை எப்போதும் ஈரப்படலத்தோடு இருக்க வேண்டும். போர்செல்லியோ, அர்மடில்லிடியம் போன்ற ஐசோபாட் பேரினங்களைத் திருப்பிப் பார்த்தால் அந்தத் தகடுகளில் இரண்டு ஜோடி வெள்ளைத் திட்டுகள் தெரியும். காற்றிலிருந்து நேராக மூச்சிழுக்க வளர்ந்த நுண்குழாய்கள் அவை. பூச்சிகளுக்கு இருப்பதுபோல் உடல் நீரைத் தடுக்கும் மெழுகுப் பூச்சும் இவற்றின் ஓட்டில் சரியாக இல்லை. ஈரம் இல்லாவிட்டால் சில மணி நேரத்தில் காய்ந்து செத்துவிடும். காற்று நகராத இடத்தில் ஓயாமல் நனைந்துகொண்டே இருந்தாலும் சாகும். இந்த இரண்டில் எதுவானாலும் செத்த பின் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். அதனால்தான் பலர் 'காய்ந்துவிட்டது போலிருக்கிறது' என்று இன்னும் கொஞ்சம் தண்ணீர் தெளிக்கிறார்கள்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாமும் மற்றப் பாலூட்டிகளும் உடலின் நைட்ரஜன் கழிவை யூரியாவாக மாற்றி வெளியேற்றுகிறோம். ஐசோபாட் அதை அம்மோனியா வாயுவாகவே உடலிலிருந்து விடுகிறது. இறுக்கி மூடிய டப்பாவில் அந்த வாயு போக இடமில்லை. மூடியைத் திறந்ததும் மழை பெய்த காட்டு மண் வாசனை வந்தால் நல்லது. புளித்த நெடியோ, மூக்கில் ஏறும் கார நெடியோ வந்தால் உள்ளே நிலைமை சரியில்லை. எந்த ஈரமானியையும்விட இந்த மூக்குச் சோதனையை நான் அதிகம் நம்புகிறேன். மலிவான ஈரமானிகள் காட்டுவது மூடிக்குக் கீழே உள்ள காற்றின் ஈரம்; ஐசோபாட் வாழ்வது சருகுக்கு அடியில்.

டப்பாவை இப்படி அமையுங்கள். நீளவாக்கில் ஒரு முனை ஈரம், மறுமுனை காய்ந்த பக்கம், நடுவில் இரண்டுக்கும் இடைப்பட்ட மண். ஈர முனையில் ஒரு பிடி ஸ்பேக்னம் பாசி. தண்ணீரை அந்தப் பாசியின் மேல் மட்டும், தெளிக்காமல் ஊற்றுங்கள். அது மண்ணின் அடிவரை இறங்கிப் பக்கவாட்டில் தானே பரவட்டும். பாசியைப் பிழிந்தால் ஓரிரு சொட்டு விழ வேண்டும், ஒழுகக் கூடாது. மேலே தெளிக்கும் தண்ணீர் சருகை மட்டும் நனைத்துவிட்டு ஆவியாகிப் போகும். மண் எட்டு செ.மீ. ஆழமாவது இருக்கட்டும், ரப்பர் டக்கி போன்ற, கியூபாரிஸ் என்ற பேரினத்தின் பெயரில் விற்கப்படும் வகைகள் புதைந்து வாழ்பவை, ஆழம் இருந்தால் தங்களுக்கு வேண்டிய ஈரத்தைத் தாங்களே தேடிக்கொள்ளும். காற்றுத் துளைகளை எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்து நுண்கம்பி வலை ஒட்டுங்கள். கியூபாரிஸுக்குச் சின்ன துளைகள் போதும். ஈர முனையில் எல்லாமே ஒன்றாய்க் குவிந்திருந்தால் டப்பா காய்கிறது என்று அர்த்தம். காய்ந்த முனையிலும் சுவரிலும் ஏறி நின்றால் உள்ளே புழுக்கம். எங்கே நிற்கின்றன என்பதை வைத்தே நிலைமையைப் படித்துவிடலாம், கிளற வேண்டியதில்லை.

கிளறுவதை நான் இவ்வளவு எதிர்ப்பதற்குக் காரணம் இவை தோலுரிக்கும் விதம். ஐசோபாட் ஒரே தடவையில் உரிக்காது. முதலில் பின்பாதி உரியும். சில மணி நேரமோ சில நாளோ கழித்து முன்பாதி. உரிக்கப் போகும் ஐசோபாட்டைக் கண்ணாடிச் சுவர் வழியாக அடிப்பக்கம் பார்க்கக் கிடைத்தால் லென்ஸ் வைத்துப் பாருங்கள்: முன்கால்களுக்கு நடுவே பால்வெள்ளைத் திட்டுகள் வரிசையாகத் தெரியும். பழைய ஓட்டிலிருந்து கால்சியத்தைக் கரைத்து எடுத்து அங்கே சேமித்து வைத்திருக்கிறது. பின்பாதி உரிந்ததும் அந்தச் சேமிப்பைக் கரைத்துப் புது ஓட்டை இறுக்கிக்கொள்ளும். உரித்த தோலையும் பெரும்பாலும் தின்றுவிடும். இந்த நேரத்தில் பாதி உடல் மெத்தென்று இருக்கும். கரண்டி பட்டாலோ, மண் சரிந்து அமுக்கினாலோ, கூட்டாளிகளுக்குப் புரதப் பசி இருந்தாலோ உயிர் போய்விடும். வாரம் ஒருமுறை கிளறும் டப்பாவில் எப்போதும் ஏதாவது ஒன்று இந்த நிலையில்தான் இருக்கும்.

கால்சியம் தீராமல் இருக்க வேண்டும் என்பதும் இதனால்தான். கணவாய் ஓடு ஒரு துண்டு, பொடித்த முட்டை ஓடு, சுண்ணாம்புக்கல் சில்லுகள் எப்போதும் உள்ளே கிடக்கட்டும். சுண்ணாம்புக்கல் பகுதியிலிருந்து வந்த கியூபாரிஸ்களுக்கு மண்ணிலேயே சுண்ணாம்புக்கல் தூளைக் கலந்துவிடுவேன். கல் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து வைத்தால் இடுக்குகளில் ஒளிந்துகொள்ளும். ஒளிய இடம் கிடைத்த கூட்டம் சீக்கிரம் நிலைகொள்ளும்.

உணவு என்றதும் கேரட்டும் மீன் உணவும்தான் பலருக்கு நினைவு வருகிறது. ஐசோபாட்டின் சாப்பாடு மண்ணும் சருகும்தான். அகன்ற இலை மரங்களின் காய்ந்து பழுப்பேறிய சருகு, கையால் அமுக்கினால் பொடியாகும் வெளிறிய மக்கிய மரம், இவை இரண்டும் கலந்த மண்தான் அவற்றுக்கு வீடும் விருந்தும். ஊசியிலை மரங்களைத் தவிர்த்துவிடுங்கள், பிசின் ஆகாது. பூச்சிமருந்து பட்டிருக்கக்கூடிய இடத்துச் சருகைத் தொடவே வேண்டாம். ஓட்டுடலிகளைப் பூச்சிமருந்து பூச்சிகளைப் போலவே கொல்லும். சருகைச் சூடு காட்டியோ உறையவைத்தோ சேர்த்தால் பூரான், சிலந்தி போன்றவை கூடவே வராது. ஐசோபாட்கள் தங்கள் எச்சத்தையே திரும்பத் தின்னும். மக்கிய இலையைச் செரிக்க உதவும் நுண்ணுயிர்கள் அப்படித்தான் குடலுக்குத் திரும்பிவருகின்றன. இதனால் பழைய மண்ணை முழுவதும் கொட்டிவிட்டுப் புதுமண் போடுவதுபோல் கெடுதல் வேறில்லை. மாற்றவேண்டிவந்தால் பாதியை விட்டுவைத்துப் பாதியை மாற்றுங்கள்.

புரதம் வேண்டும்தான். காய்ந்த இறால் ஒரு சிட்டிகை, வாரம் ஒருமுறை, ஒரு சிறு மூடியில் வைத்து, இரண்டு நாளில் தின்னாததை எடுத்துவிடுங்கள். ஆறு ஐசோபாட் இருக்கும் டப்பாவில் நூறுக்குப் போடுவதுபோல் போட்டால் மைட் எனும் நுண்ணிய உண்ணிகள் பெருகிவிடும். அவை ஐசோபாட்டை நேராகத் தாக்காவிட்டாலும் உணவின்மேல் வெண்பொடி தூவியதுபோல் மொய்த்து, கூட்டத்தை ஒதுங்க வைக்கும். ஸ்பிரிங்டெயில் எனும் துள்ளும் சிறு மண்ணுயிர்களை முதலிலிருந்தே விட்டுவைத்தால் பூஞ்சணத்தைத் தின்று தீர்த்துவிடும், மைட்டுக்கும் இடம் குறையும். ஆனால் 'சுத்தம் செய்யும்' என்று நம்பி குட்டி வெள்ளை ஐசோபாட்களை, அதாவது ட்ரைக்கோரைனா டோமென்டோசாவை, அரிய இனத்தின் டப்பாவில் விட்டுவிடாதீர்கள். அவற்றின் பெண்கள் ஆணில்லாமலே குஞ்சு போடும். ஒன்று நுழைந்தால் போதும், மெதுவான இனத்தின் சாப்பாடும் இடமும் அவற்றுக்குப் போய்விடும். திரும்பப் பிரித்தெடுப்பது ஏறக்குறைய முடியாத காரியம்.

இதுவரை சொன்னது கியூபாரிஸுக்கு. அடுத்து எந்த இனம் என்று நீங்கள் யோசிக்கும்போது, 'அரியது' என்ற ஒரே பெயரில் வாழ்க்கைமுறை முற்றிலும் வேறான இனங்கள் விற்கப்படுவதை மனதில் வையுங்கள். ஸ்பெயின் பக்கத்துப் பெரிய போர்செல்லியோக்கள், உதாரணமாக ஹாஃப்மன்செக்கி, எக்ஸ்பான்சஸ், மேக்னிஃபிகஸ், பாறைச்சரிவுகளில் காற்றோடு வாழ்பவை. இவற்றுக்கு டப்பாவின் பெரும்பகுதி காய்ந்திருக்க வேண்டும். ஒரு மூலையில் மட்டும் ஈரம். துளைகள் பெரியதாக, பல பக்கமும். மரப்பட்டைகளைச் செங்குத்தாகச் சாய்த்து வைத்தால் அவற்றில் ஏறிக்கிடக்கும். ரப்பர் டக்கியின் டப்பாவில் இவற்றை வைத்தால் ஒரு மாதம் தாங்காது. ஆண்கள் பட்டையடி இடத்துக்காகத் தள்ளுமுள்ளு செய்யும், ஆகையால் இடமும் தாராளமாக வேண்டும். தென்கிழக்கு ஆசியாவின் மெருலனெல்லா வகைகளோ ஈரத்தையும் காற்றையும் ஒருசேரக் கேட்பவை. மரத்தில் ஏறித் திரியும், பட்டையில் பாசிபோல் படரும் லைக்கனை மேயும். எனக்குத் தெரிந்து தொடக்கநிலையில் வாங்கி அதிகம் இழக்கப்படுபவை இவைதான். அர்மடில்லிடியம் கிளூகி அழகும் நிதானமும் சேர்ந்த நடுத்தர இனம். குரோஷியாவின் கடற்கரைப் பகுதிக்குரியது. கறுத்த முதுகில் வரிசையாக வெளிர்ப் புள்ளிகள். அந்தப் பகுதியின் நச்சுச் சிலந்தியான மத்தியதரைக்கடல் கருவிதவையின் தோற்றத்தை ஒத்திருப்பதால் அதைக் கண்டு எதிரிகள் விலகும் என்று கருதப்படுகிறது. ரப்பர் டக்கிக்கு முன்னால் இதை வளர்த்துப் பழகியிருந்தால் உங்களுக்கு நல்ல பயிற்சியாக இருந்திருக்கும், இப்போதும் தாமதமில்லை.

வெப்பத்தைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. 22 முதல் 26 டிகிரி செல்சியஸ் பெரும்பாலானவற்றுக்கு ஒத்துவரும். ஏறி இறங்காமல் இருப்பது முக்கியம்.

இனி இனப்பெருக்கம். தாய் ஐசோபாட் முட்டையைத் தரையில் இடாது. இணைசேர்ந்தபின் ஒரு சிறப்பான தோலுரிப்பு நடந்து, கால்களுக்கு நடுவே வயிற்றுப்பக்கம் மெல்லிய தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஒரு பை உருவாகும். அதற்குள் நீர் நிறைந்திருக்கும். நிலத்தில் நடக்கும் ஓட்டுடலி தன் குஞ்சுகளுக்கென்று ஒரு சொட்டுக் கடலைச் சுமந்து திரிகிறது. கண்ணாடி வழியாகப் பார்த்தால் மஞ்சளான வீங்கிய பை தெரியும். நாள் ஆக ஆக உள்ளே கண்புள்ளிகள் தெரியும். வேகமான இனங்களில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் குஞ்சுகள் வெளியே வரும். வரும்போது ஆறு ஜோடிக் கால்தான். ஏழாவது ஜோடி பிந்தைய தோலுரிப்பில் முளைக்கும். அளவில் வெள்ளை எள்ளைவிடச் சிறியவை. மண்ணோடு மண்ணாக இருக்கும் அவற்றை நீங்கள் மேலே தேடிக் காண முடியாது. உங்கள் டப்பாவிலும் சில பிறந்திருந்து, கிளறும்போது நசுங்கியிருக்கலாம். பை சுமக்கும் தாயைத் தொந்தரவு செய்தால் முட்டைகளை உதிர்த்துவிடுவதும் உண்டு.

ஆண் பெண் பிரித்தறிய, வால்பகுதியின் அடிப்பக்கம் பாருங்கள். ஆணுக்கு நடுவில் நீண்டு கூர்மையான இரண்டு முனைகள் பின்னோக்கி நீட்டியிருக்கும். பெண்ணுக்கு அந்த இடம் தட்டையான தகடுகளாகவே இருக்கும். பல போர்செல்லியோக்களில் ஆணின் வால்முட்கள் நீளமாக இருப்பதால் மேலிருந்தே தெரிந்துவிடும். இணைசேர்ந்த பெண் விந்தைச் சேமித்து வைத்துக்கொண்டு அடுத்தடுத்த ஈற்றுகளுக்கும் பயன்படுத்தும். ஆகவே ஆண்கள் எல்லாம் போய்விட்டாலும் நம்பிக்கையை விட வேண்டாம்.

ஆறிலிருந்து தொடங்க முடியும் என்றாலும், கூட ஒரு ஐந்தாறு சேர்க்க முடிந்தால் சேருங்கள், அதே மூலத்திலிருந்து. வார்டர் கிளைட் ஆலீ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1926-இல் நில ஐசோபாட்கள் ஏன் ஒன்றாய்க் குவிகின்றன என்று ஆராய்ந்து, குவிந்திருப்பவை தனித்திருப்பவற்றைவிட மெதுவாக நீரை இழப்பதைக் காட்டினார். டப்பாவிலும் இதைப் பார்க்கலாம்: சிறு கூட்டம் பெரிய டப்பாவில் சிதறிக் கிடந்தால் மந்தமாகும். உங்கள் ஆறுக்கும் இரண்டு லிட்டர் அளவு டப்பா போதும்.

புது நிறங்களை உருவாக்க ஆசைப்படுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. பல நிறமாற்றங்கள் ஒடுங்கு பண்பு. இரண்டு பெற்றோரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும். இரண்டு வெவ்வேறு ஒடுங்கு நிறங்களைக் கலந்தால் அழகான கலப்பு வராது, பெரும்பாலும் காட்டு நிறமான சாம்பல்தான் திரும்பி வரும். கூட்டத்தில் ஒன்று வித்தியாசமாகத் தெரிந்தால், பருவத்துக்கு வருமுன்பே பிரித்துவிடுங்கள். விந்துச் சேமிப்பு காரணமாக, பருவமடைந்த பெண்ணைப் பிரித்தால் தந்தை யாரென்று தெரியாமல் போய்விடும். அர்மடில்லிடியம் வல்கரேயில் இன்னொரு சிக்கல் உண்டு. வோல்பாக்கியா என்ற பாக்டீரியா தொற்றிய தாயின் குஞ்சுகளில் மரபுப்படி ஆணாக வேண்டியவையும் பெண்ணாக வளரும். ஒரு கூட்டத்தில் தொடர்ந்து பெண்களே வந்தால் அதைச் சந்தேகியுங்கள். ஆண்களைச் சேர்த்துச் சமாளிக்கலாம்.

நிறத்தைப் பற்றிப் பேசும்போது ஒரு எச்சரிக்கையைத் தவிர்க்க முடியாது. சாதாரண இனத்தில் ஒன்று திடீரென்று ஒளிரும் நீலமாகவோ ஊதாவாகவோ மாறினால் அதைப் புது மார்ஃப், அதாவது புது நிறவகை என்று மகிழாதீர்கள். இரிடோவைரஸ் தொற்று அது. வைரஸ் துகள்கள் திசுக்களில் படிகம்போல் அடுக்கடுக்காகச் சேர்வதால் ஒளி அப்படித் தெறிக்கிறது. தொற்றியது பட்டப்பகலில் வெளியே திரியும், தொட்டால் சரியாக அசையாது, பிறகு சாகும். செத்ததை மற்றவை தின்றால் பரவும். உடனே எடுத்து உறையவைத்து அப்புறப்படுத்துங்கள். அந்த டப்பாவிலிருந்து யாருக்கும் ஐசோபாட் கொடுக்காதீர்கள். பிறப்பிலேயே நீலச்சாம்பலாக இருக்கும் பவுடர் ப்ளூ போன்றவை வேறு.

கடைசியாக, எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது. ரப்பர் டக்கி, பாண்டா கிங் போன்றவற்றில் பல அறிவியல் பெயர் பெறாமலேயே விற்பனைக்கு வந்துவிட்டவை. கியூபாரிஸ் என்று எழுதப்படுபவை எல்லாம் உண்மையில் அந்தப் பேரினத்தைச் சேர்ந்தவைதானா என்பதே கேள்வி. சுண்ணாம்புக்கல் குன்றுகளில் ஒரு குகைக்கு மட்டுமே உரிய உயிர்கள் இருப்பது வழக்கம். அத்தகைய இடத்தில் ஒரு பருவம் அள்ளினாலே அங்கே மீதி இருக்காது. மெதுவாகப் பெருகும் இனம் டப்பாவில் எவ்வளவு மெதுவோ, குகையிலும் அவ்வளவு மெதுவு. ஆகவே வாங்கும்போது 'வளர்ப்பில் பிறந்ததா, எத்தனை தலைமுறை, எந்த இடத்து வழி' என்று கேளுங்கள். எல்லாமே ஒரே அளவில் பெரிதாக இருந்தால் காட்டில் பிடித்ததாக இருக்கலாம். பல அளவுகளில் குட்டிகளும் கலந்து கொடுப்பவரிடம் வாங்குவது எனக்குப் பிடிக்கும். குட்டிகள் புது மண்ணுக்கு எளிதில் பழகவும் செய்யும். பெயர்ச்சீட்டில் இனம், இடம், வாங்கிய தேதி மூன்றையும் எழுதி டப்பாவிலேயே ஒட்டுங்கள். தோற்றத்தில் ஒன்றுபோல் இருக்கும் இரு இடத்துக் கூட்டங்களைக் கலக்காதீர்கள். மிஞ்சியவற்றை வெளியே விடவும் வேண்டாம். அர்மடில்லிடியம் வல்கரே ஐரோப்பாவிலிருந்து போய் வட அமெரிக்கா முழுக்க நிலைகொண்டது மனிதர் கைவழியேதான். உயிருள்ள ஓட்டுடலிகளை எல்லை தாண்டி அனுப்ப நாட்டுக்கு நாடு விதி உண்டு, வாங்குமுன் பாருங்கள்.

உங்கள் ஆறையும் புது மூடி, ஈர முனை, காய்ந்த முனை என்று அமைத்தபின் ஆறு மாதம் கையை மண்ணுக்குள் விடாதீர்கள். சருகு குறைகிறதா, கணவாய் ஓட்டில் சுரண்டிய தடம் தெரிகிறதா என்று மேலிருந்து பாருங்கள். அவை இருப்பதற்கு அந்தச் சாட்சி போதும். எண்ணிக்கை ஐம்பதைத் தாண்டிவிட்டதாகத் தோன்றும்வரை கூட்டத்தைப் பிரிக்காதீர்கள். பிரிக்கும்போது பழைய மண்ணோடு பாதி அள்ளிப் புது டப்பாவில் போட்டு, இரண்டையும் வேறு வேறு இடத்தில் வையுங்கள். ஒன்றில் மைட்டோ வைரஸோ வந்தால் மற்றது தப்பும்.